பெரிய பேக்கேஜ்களை ராத்திரிக்குத் தள்ளிய கதை

பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் மாடி அறையில் 8 கோர், 16 ஜிபி ராம் உள்ள டெஸ்க்டாப்பில் ஜென்டூ என்ற லினக்ஸ் ஓடுகிறது. எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்வதுதான் இதில் எனக்குப் பிடித்ததே. ஆனால் சனிக்கிழமை காலை அப்டேட் போட்டால் ஞாயிறு வரை வேறு வேலைக்கு உட்கார முடியாது.

'இதை முதலில் கட்டு, அதைப் பிறகு கட்டு' என்று ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜரான போர்ட்டேஜிடம் சொல்ல ஓர் ஆப்ஷன் இருக்கும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. எந்தப் பேக்கேஜுக்கு எது முன்னால் தேவை என்று அதன் ஈபில்டில் (கட்டும் முறையைச் சொல்லும் ஃபைலில்) எழுதியிருப்பதைப் பார்த்து வரிசையை அதுவே போட்டுக்கொள்கிறது. போர்ட்டேஜின் கட்டளையான எமர்ஜை, நிறுவாமல் பட்டியல் மட்டும் காட்டும் பிரிடெண்ட், அதை மரமாகக் காட்டும் ட்ரீ ஆகிய ஆப்ஷன்கள் இரண்டும் சேர்த்து ஓட்டினால், எது யாருக்காக வருகிறது என்று உள்தள்ளிக் காட்டும். நிதானமாகப் படிக்க வேண்டிய பட்டியல் அது.

போன மாதம் அவசரப்பட்டு ஜாப்ஸ் 3 என்று, அதாவது ஒரே நேரத்தில் மூன்று பேக்கேஜ் கட்டும்படி, வைத்தேன். ஒரு பேக்கேஜுக்குள் எத்தனை கம்பைல் வேலை ஒன்றாக ஓடலாம் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸில் ஏற்கெனவே ஜே8, அதாவது எட்டு, இருந்தது. எல்எல்விஎம், க்யூட் வெப்எஞ்சின் என்ற பெரிய பேக்கேஜ்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட, மவுஸ் அப்படியே உறைந்தது. பத்து நிமிஷம் கழித்துத் திரையில் 'கில்டு', பக்கத்தில் சிசி1பிளஸ்: ராம் போதாமல் சி++ கம்பைலரை சிஸ்டமே கொன்றுவிட்டது. மூன்றும் எட்டும் பெருக்கினால் 24 கம்பைலர். ஒவ்வொரு ஜாபுக்கும் 2 ஜிபி ராம் என்பது ஜென்டூ கையேட்டின் கணக்கு. 16 ஜிபியை வைத்துக்கொண்டு 48 ஜிபிக்கு எங்கே போவது?

வரிசை நம் கையில் இல்லாவிட்டாலும் பட்டியலை வெட்டலாமே என்று அப்புறம்தான் தோன்றியது. பகலில் எக்ஸ்க்ளூட் என்ற விலக்கும் ஆப்ஷன் போட்டு எல்எல்விஎம், ரஸ்ட், வெப்எஞ்சின் மூன்றையும் ஒதுக்கி, சின்னவற்றை முடித்தேன். கீப்-கோயிங் ஆப்ஷன் இருந்ததால் ஒன்று தோற்றாலும் மற்றவை நிற்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பெரியவற்றை ஒன்ஷாட்டில் (நிரந்தரப் பட்டியலில் சேர்க்காமல் கட்டும் ஆப்ஷன்), ஒவ்வொன்றாக. வெப்எஞ்சினுக்கு மட்டும் பேக்கேஜ் வாரியாக அமைப்பை மாற்றும் பேக்கேஜ்.என்வ் வழியாக ஜே4.

ஒதுக்கியதன் புதுப் பதிப்பு வேறொன்றுக்குத் தேவைப்பட்டால் போர்ட்டேஜ் மறுத்துவிடும். அப்போது அந்தப் பேக்கேஜையும் ராத்திரிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் பேக்கேஜ்களின் சிக்கல் வேறு மாதிரி. புதிதாக நிறுவும்போது இரண்டும் ஒன்றையொன்று கேட்கும். ஹார்ஃப்பஸ் யூஸ் ஃப்ளாகை (ஒரு வசதியைச் சேர்த்தோ விட்டோ கட்டச் சொல்லும் சுவிட்ச்) அணைத்து ஃப்ரீடைப்பை ஒரு முறை கட்டி, ஹார்ஃப்பஸ் வந்ததும் ஃப்ளாகோடு மறுபடி கட்டினேன். வரிசையை முழுக்க நானே போட்டது இந்த ஓர் இடத்தில்தான். அவ்வளவு திருப்தி!

இந்தச் சனிக்கிழமை மத்தியானமே மெஷின் கைக்கு வந்துவிட்டது. ரஸ்ட் இன்று ராத்திரிக்கு.