காட் தியென் காட்டில் இரண்டு நாள்: சைக்கிளும் நடையுமாக முதலை ஏரிக்கு

தெற்கு வியட்நாமிலுள்ள காட் தியென் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குள் விழுந்ததற்குக் காரணம், இப்போது அங்கே இல்லாத ஒரு விலங்கு. ஆசியாவின் பெருநிலப்பரப்பில் ஜாவா காண்டாமிருகம் அற்றுப்போய்விட்டது என்று நம்பப்பட்ட காலத்தில், 1988-ஆம் ஆண்டு இந்தப் பகுதியில் ஒரு வேட்டைக்காரர் ஒன்றைச் சுட்டுக் கொன்றார். அந்த இனம் இங்கே உயிரோடு இருப்பது அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தது. 2010 ஏப்ரலில் பூங்காவின் வடபகுதியான காட் லோக்கில் கடைசிக் காண்டாமிருகத்தின் உடல், காலில் குண்டு பாய்ந்தும் கொம்பு அறுக்கப்பட்டும் கிடந்தது. அதையொட்டிய மாதங்களில் காட்டில் சேகரித்த சாணத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அத்தனையும் அந்த ஒரே விலங்கினுடையது என்று தெரிந்தது. 2011-இல் வியட்நாமில் இந்த இனம் அழிந்துவிட்டது என்று முறைப்படி அறிவித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மனம் கனத்துப்போயிருந்தபோதுதான், அதே பூங்காவிலுள்ள ஓர் ஏரியில், அங்கே முற்றிலும் அற்றுப்போயிருந்த சயாமிய முதலையை மனிதர்களே கொண்டுவந்து விட்டு, அது பெருகி வருவதையும் அறிந்தேன். பாவ் ஸாவ் என்பது அந்த ஏரியின் பெயர். வியட்நாமிய மொழியில் முதலைக் குளம் என்று பொருள். அங்கே போவதற்குச் சைக்கிளில் ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், பிறகு காட்டுப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடை. ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டு, நானும் என் தோழியும் நவம்பர் இறுதியில், மழைக்காலம் ஓயும் நாட்களில் புறப்பட்டோம்.

ஹோ சி மின் நகரத்திலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தலாத் நகரை நோக்கிச் செல்லும் 20-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே வந்தால் டொங் நை ஆறு குறுக்கிடுகிறது. காடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. இக்கரையில் கடைகளும் வயல்களும் இருசக்கர வண்டிகளின் இரைச்சலுமாக இருந்தது. படகு நடு ஆற்றைத் தாண்டுவதற்குள் அந்த இரைச்சல் அடங்கி, சிள்வண்டுகளின் ஒலி காதை நிறைத்தது.

சைக்கிளை வாங்கியதில் ஒரு தவறு செய்தேன். வாடகைக்குக் கொடுத்தவர் நீட்டிய வண்டியை டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறிவிட்டேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் செயின் கழன்றது. மறுபடி மாட்டினால் அடுத்த மேட்டில் மறுபடி கழன்றது. பின்சக்கரம் சற்று முன்னால் நகர்ந்து செயின் தொய்ந்துபோயிருந்ததை வழிகாட்டிதான் கண்டுபிடித்தார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அச்சின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயினை விரலால் அழுத்திப் பார்த்து, அரை விரல் அளவுக்கு மேல் தொய்வில்லை என்று உறுதியான பிறகே நட்டை இறுக்கினார். காட்டுக்குள் போகும் சைக்கிளில் பிரேக், செயின், சீட்டின் உயரம் ஆகிய மூன்றையும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை எப்படியிருந்தாலும் சமாளித்துவிடலாம்.

வழிகாட்டியை நாங்கள் 'ஆன்' என்றே அழைத்தோம். வியட்நாமியர்கள் தங்களைவிடச் சற்று மூத்த ஆண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அண்ணன் என்று பொருள். நாற்பதைத் தாண்டியவர். சைக்கிள் ஓட்டுவதற்கு அவர் வைத்த ஒரே விதி, மூவரும் ஒருவர் பின் ஒருவராக இருபதடி இடைவெளி விட்டுப் போக வேண்டும், பேசக் கூடாது என்பது. முதலில் இது கொஞ்சம் கடுமையாகத் தோன்றியது. அரை மணி நேரத்தில் அதன் அருமை புரிந்தது. ஓசையில்லாத சைக்கிள், நடப்பவரைவிட விலங்குகளுக்குக் குறைவான எச்சரிக்கையே தருகிறது என்பதை ஒரு வளைவில் திரும்பியபோது கண்டோம். சாலை நடுவில் கேளையாடு என்னும் சிறு மான் ஒன்று குனிந்து எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தபடி சில நொடிகள் நின்றுவிட்டு, நாய் குரைப்பது போல ஒருமுறை குரைத்து மூங்கிலுக்குள் மறைந்தது. மோட்டார் வண்டியில் வந்திருந்தால் இதைக் கண்டிருக்க மாட்டோம்.

அந்த மூங்கிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாலையின் ஒருபுறம் வானத்தை மறைக்கும் பெருமரங்களும் மறுபுறம் மூங்கிலும் புல்லும் மட்டுமே உள்ள பரப்புகளும் மாறிமாறி வருகின்றன. இது இயற்கையின் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு வந்தேன். போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் இலையுதிர்க்கும் நச்சு மருந்துகளைத் தெளித்ததாலும், போருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் மரம் வெட்டப்பட்டதாலும் இந்தப் பூங்காவின் பல பகுதிகளில் பெருமரங்கள் அழிந்து, அந்த இடங்களை மூங்கிலும் புல்லும் பிடித்துக்கொண்டன என்பதை ஆன் சொன்ன பிறகு, அந்தப் பசுமையை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அங்கே மரங்கள் திரும்பவில்லை.

நடைபாதை தொடங்கும் இடத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, ஆன் தந்த, இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைத் தடுக்கும் காலுறைகளை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொண்டோம். நெருக்கமாக நெய்த துணியாலான இந்த உறையைக் காற்சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டால் அட்டை உள்ளே நுழைய வழியில்லை. முதல் அட்டையை என் காலணியின் நுனியில் கண்டேன். தீக்குச்சியைவிட மெல்லியது. பின்முனையை ஈர இலையில் ஊன்றி, முன்முனையை உயர்த்திக் காற்றில் இடமும் வலமுமாக ஆட்டித் துழாவி, என் மூச்சின் திசையைக் கண்டுகொண்டதும் வளைந்து வளைந்து முழக்கோல் அளப்பதுபோல் அளந்து ஏறியது. அதைப் பிடுங்கக் கூடாது, நகத்தை அதன் வாய்ப்பக்கத்தில் தோலோடு ஒட்டி நுழைத்து மெதுவாகத் தள்ள வேண்டும் என்று ஆன் காட்டினார். ஐந்து கிலோமீட்டருக்குள் அந்த வித்தை எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டது.

பாதை முழுக்கக் கருங்கற்கள். பழைய எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறைகள், மழையில் நனைந்து பாசி படர்ந்து, கால் வைத்தால் வழுக்கும். நடையின் வேகத்தை இந்தக் கற்களே தீர்மானிக்கின்றன. மணிக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் எங்களால் போக முடியவில்லை. அப்படி மெதுவாகப் போனதால்தான் மரங்களைப் பார்த்தேன். வெண்தேக்கின் உறவான ஒரு மரம் அங்கே மிகுதி. பட்டை தகடுதகடாக உரிந்து, உள்ளே வழுவழுப்பாக வெளிறித் தெரியும். அதைவிட என்னை நிறுத்தியது துங் என்று அங்கே அழைக்கப்படும் மரம். தாவரவியலில் டெட்ராமெலிஸ் நுடிஃப்ளோரா. அதன் பலகை வேர்கள் தரையிலிருந்து என் தலைக்கு மேல் உயர்ந்து, சுவர்களைப் போல நாற்புறமும் ஓடி, மண்ணில் மெல்ல இறங்கி மறைகின்றன. இந்தக் காட்டில் மண் ஆழமில்லை, கீழே பாறை; ஆணிவேர் இறங்க இடமில்லாத மரம் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்துத் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. இரண்டு வேர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று உள்ளங்கையால் தட்டினேன். காலி மரப்பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தது.

வழிகாட்டி இல்லாமல் வந்திருந்தால் அந்த ஐந்து கிலோமீட்டரில் நான் மரங்களையும் அட்டைகளையும் மட்டுமே கண்டிருப்பேன். ஆன் ஓரிடத்தில் நின்று, உலர்ந்த சாணத்தைக் குச்சியால் புரட்டி, அடியில் இன்னும் ஈரம் இருப்பதைக் காட்டி, நேற்று இரவு காட்டுமாடு இந்தப் பக்கம் போயிருக்கிறது என்றார். இன்னோரிடத்தில் மரத்தின் தோலில் செங்குத்தான கீறல்கள் இருந்தன. அவை பழையவை என்பதைக் கீறலின் ஓரம் தடித்து மூடத் தொடங்கியிருப்பதை வைத்துச் சொன்னார். எந்த விலங்கையும் காட்டுவதாக அவர் வாக்களிக்கவே இல்லை. வாக்களிக்கும் வழிகாட்டியைவிட இப்படிப்பட்டவரையே நான் தேடிப் போவேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மரங்கள் சட்டென்று விலகி, ஏரி கண்முன் விரிந்தது. கரையில் தூண்கள் மீது எழுப்பிய வனக்காவலர் நிலையம். அங்கேயே இரவு தங்கல். மழைக்காலத்தில் டொங் நை ஆறு பெருகி, ஓடையின் வழியே நீரை இந்தத் தாழ்நிலத்துக்குள் தள்ளுவதால் ஏரி பரந்து விரியும். கோடையில் வற்றிச் சுருங்கும். 2005-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. நாங்கள் போனபோது நீர் நிறைந்து, கோரைப் புல்லின் இடுப்பு வரை ஏறியிருந்தது. நீலத் தாழைக்கோழிகள் ஆகாயத்தாமரை இலைகளின் மேல் நடந்துகொண்டிருந்தன. ஒரு பாம்புத்தாரா பட்டமரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது.

முதலைகள் இங்கே திரும்பிய கதையை நிலையத்தின் படியில் அமர்ந்துதான் முழுதாகக் கேட்டேன். தோலுக்காகவும் பண்ணைகளுக்காகவும் பிடித்துப் பிடித்து, 1990-களின் இறுதிக்குள் இந்த ஏரியில் காட்டு முதலையே இல்லாமல் போயிற்று. பண்ணைகளில் சயாமிய முதலைகள் ஏராளமாக இருந்தன, ஆனால் அவற்றில் பல கியூபா முதலையோடு கலந்து பிறந்தவை. கலப்பினத்தை ஏரியில் விட்டால் பெயருக்குத்தான் முதலை இருக்கும்; அந்த இனம் இராது. ஆகவே மரபணுச் சோதனை செய்து, தூய சயாமிய முதலைகளைப் பிரித்தெடுத்து, தாமே இரைதேடப் பழக்கி, 2001 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில் 60 முதலைகளை இங்கே விட்டார்கள். பண்ணையில் தீனி தின்று வளர்ந்தவை காட்டில் பிழைக்குமா என்ற ஐயம் அன்று பலருக்கும் இருந்திருக்கும். அவை பிழைத்தன, கூடு கட்டின, குஞ்சு பொரித்தன. இந்தப் பூங்கா காண்டாமிருகத்தை இழந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில்தான் இது நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இருட்டியதும் சிறிய படகில் ஏறினோம். துடுப்பு நீரைத் தொடும் ஒலிகூடக் கேட்காதபடி ஆன் வலித்தார். கரையோரம் டார்ச் ஒளியைத் தாழ்வாக ஓட்டியபோது, கோரையின் அடியில் செந்நிறத்தில் ஒரு கனல். பிறகு இன்னொன்று. முதலையின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள ஒரு படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால்தான் இப்படி ஒளிர்கிறது. ஆகவே டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியருகே பிடித்தால்தான் தெரியும், இடுப்பில் பிடித்தால் தெரியாது. என் தோழி அப்படிப் பிடித்த மறுகணமே அதுவரை வெறும் இருளாக இருந்த கரையில் மூன்று கனல்கள் எழுந்தன. இரண்டு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தை வைத்து அளவை ஊகிக்கலாம் என்றார் ஆன். ஒரே இடத்தில் கைவிரல் இடைவெளியில் ஐந்தாறு சிறு பொறிகள் தெரிந்தபோது அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். அந்த ஆண்டுக் குஞ்சுகள். தாய் அருகில்தான் இருக்கும், இதற்குமேல் போகக் கூடாது என்று கிசுகிசுத்து, படகைத் திருப்பினார். நாங்களும் மறுக்கவில்லை.

ஒரே நாளில் ஏரிக்கு வந்து திரும்பிவிடுபவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது வேண்டாம். இரவும் விடியலும் இல்லாத பாவ் ஸாவ் ஒரு நீர்ப்பரப்பு மட்டுமே. கொசுவலை, மாற்றுக் காலுறை, இரண்டு டார்ச்சுகள், ஈரம் புகாத பையில் உலர்ந்த சட்டை ஒன்று, இவ்வளவு போதும்.

விடியும் முன் கிப்பன்கள் எங்களை எழுப்பின. மஞ்சள் கன்னக் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கு. ஆண் கறுப்பு, பெண் பொன்னிறம். குட்டிகள் பொன்னிறமாகப் பிறந்து, பிறகு கறுத்து, பெண்கள் மட்டும் வளர்ந்தபின் மறுபடி பொன்னிறத்துக்கு மாறுகின்றன. இணைகள் விடியலில் சேர்ந்து பாடித் தங்கள் எல்லையை அறிவிக்கின்றன. முதலில் ஒரு நீண்ட ஊளை மேலேறியது. அது உச்சிக்குப் போய் வேகமெடுத்து உடையும் இடத்தில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. ஏரியின் மறுகரையிலிருந்து வேறொரு இணை விடையளித்தது. ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. பதினைந்து நிமிடம் படியில் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம், தேநீர் ஆறிப்போயிற்று.

திரும்பும் நடை எளிதாகவே இருந்தது, கற்கள் பழகிவிட்டன. சைக்கிள்கள் விட்ட இடத்திலேயே, மேலே இலைகள் உதிர்ந்து கிடக்க, சாய்ந்திருந்தன. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு நாளாக மனத்தில் வைத்திருந்த கேள்வியை ஆனிடம் கேட்டேன்: நீங்கள் காண்டாமிருகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் தலையசைத்து இல்லை என்றார். தம் ஊர் காட் லோக் பக்கம் என்றும், சிறுவனாக இருந்தபோது அப்பாவுடன் பிரம்பு வெட்டப் போன இடத்தில் ஒருமுறை அதன் காலடித் தடத்தை மட்டும் பார்த்ததாகவும் சொன்னார். பிறகு குனிந்து, பாதையோரத்து ஈரமண்ணை உள்ளங்கையால் சமன்செய்து, கட்டைவிரலால் மூன்று அழுத்து அழுத்தினார். நடுவில் அகலமாக ஒன்று, இருபுறமும் சற்றுச் சிறியதாக இரண்டு. மூன்று விரல்கள். எவ்வளவு பெரியது என்று காட்ட, தன் கையை விரித்து அதன் மேல் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பெரிது என்று ஓரத்தை விரித்துவிட்டார்.

நான் சைக்கிளை எடுத்தபோது முன்சக்கரத்தைத் தூக்கி, அந்தத் தடத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சாலையில் வைத்தேன்.