டெக்சாஸில் ஒரு பார் மீது வழக்குப் போட்ட கதை

தம்பியின் காரில் மோதியவன் குடித்திருந்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 என்ற சட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அவன் எடுத்திருந்த இன்சூரன்ஸ், டெக்சாஸில் கட்டாயமான குறைந்தபட்சம்தான்: ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர். தம்பியின் இடுப்பு ஆபரேஷனுக்கே அது காணாது. அவனுக்கு ஊற்றிக்கொடுத்த பார் மீதும் வழக்குப் போடலாம், டிராம் ஷாப் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

முதலில் பார்த்த வக்கீல் சீக்கிரமே கையை விரித்துவிட்டார். அவன் நிறையக் குடித்தான் என்று காட்டினால் போதாதாம். தனக்கும் பிறருக்கும் ஆபத்து என்கிற அளவுக்குப் போதையில் இருந்தது, ஊற்றும்போதே பார்த்தால் தெரிகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். நாக்கு குழறியதா, கால் தள்ளாடியதா, யார் பார்த்தார்கள்? "பழகின குடிகாரன் நேராகத்தான் உட்கார்ந்திருந்தான் என்பார்கள்" என்றார்.

பார்த்தது கேமராதான். பார் மேனேஜரிடம் கேட்டேன். போலீஸ் கேட்டால் தருவோம் என்றார். போலீஸ் ரெக்கார்ட்ஸ் கவுன்டரில் இருந்த அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, கிரிமினல் வழக்கு முடிகிறவரை எந்த வீடியோவும் கிடைக்காது என்றார். பாரிலிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்களா என்றதற்கு, டிடெக்டிவைக் கேளுங்கள் என்று பதில். டிடெக்டிவ் போனை எடுத்தால்தானே! விபத்து அறிக்கை மட்டும் கையில் வந்தது. அதை வீட்டிலிருந்தே ஆன்லைனில் 6 டாலருக்கு எடுத்திருக்கலாம். லீவு போட்டுப் போனது தண்டம்.

இப்படி அலையும்போது பாரின் கேமரா பழைய பதிவின் மேல் புதிதை எழுதிக்கொண்டே போகும். இரண்டாவது வக்கீல் அதைத்தான் முதலில் கேட்டார். அன்றைக்கே எதையும் அழிக்கக் கூடாது என்று பாருக்குக் கடிதம் போனது: வீடியோ, பில், அன்று யார் யார் ஷிஃப்ட், ஊழியர் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து. உங்களுக்கு இப்படி ஒன்று நேர்ந்தால் (நேர வேண்டாம்) ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

உள்ளே இருந்த கேமராவின் பதிவு அதற்குள் போய்விட்டது. பார்க்கிங் பக்கத்துக் கேமரா தப்பியது. அதில் அவன் சாவியைக் கீழே போடுகிறான், குனிந்து எடுக்கிறான், மறுபடி போடுகிறான். அப்புறம் வேறு யாருடைய கார் கதவையோ பிடித்து இழுக்கிறான். நேரம் 11:53. பில்லில் கடைசியாக இரண்டு டபுள் விஸ்கி பதிவானது 11:41. அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் எங்கள் வழக்கே.

பார் தரப்பு வழக்கமான கேடயத்தை எடுத்தது. ஊழியர்களுக்கு மாநில மதுபான ஆணையம் ஏற்ற பயிற்சியைக் கட்டாயமாக்கி, அவர்களும் அதை முடித்திருந்து, சட்டத்தை மீறச் சொல்லி முதலாளி தூண்டாமலும் இருந்தால், ஊழியர் செய்ததற்கு பார் பொறுப்பில்லை. சரி, சான்றிதழைக் காட்டுங்கள் என்றார் எங்கள் வக்கீல். அது 2 வருஷம்தான் செல்லும். அந்த டபுளை ஊற்றியவருடையது விபத்துக்கு முன்பே காலாவதி! எதிர்த்தரப்பின் குரல் அன்றைக்குத்தான் இறங்கியது.

கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இங்கே காயத்துக்கு வழக்குப் போட 2 வருஷம்தான் கெடு. ஜூரி வரை போனால் பொறுப்பைச் சதவீதமாகப் பிரிப்பார்கள். பாரின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாக அதன் பங்கை மட்டும்தான் கட்டும், மீதியைக் காலிப் பையோடு நிற்கிற ஓட்டுநரிடம் தேட வேண்டும். அதனால் மத்தியஸ்தத்திலேயே முடித்துக்கொண்டோம்.

தொகையை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வக்கீல் பங்கு போக, ஆஸ்பத்திரியும் ஹெல்த் இன்சூரன்ஸும் தங்கள் பாக்கிக்கு முதல் வரிசையில் நின்றன. அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் குறைக்கிறார்கள். நாங்கள் கேட்டோம், இரண்டு பேருமே குறைத்தார்கள்.