ஓ.டி. பதிவேட்டோடு ஏழு வருடம்

பேருந்துப் பணிமனை ஒன்றின் டைம் ஆபீஸில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஓ.டி. பதிவேடு, அதாவது மிகைநேர வேலைக் கணக்கு, என் பொறுப்பு. யார் எத்தனை மணிக்கு வண்டி எடுத்தார், எத்தனை மணிக்கு விட்டார், எட்டு மணி நேரத்துக்கு மேல் எவ்வளவு என்று கூட்டி, மாதக் கடைசியில் சம்பளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய சில நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிடும்: மிகைநேரச் செலவைக் குறைக்கவும். எப்படிக் குறைப்பது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர வண்டிகளுக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது. அதைத் தாண்டினால் இரண்டு மடங்கு கூலி. இந்த இரண்டு மடங்கைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டுக்கும்தான் அந்த இரண்டு மடங்கு. வீட்டு வாடகைப்படி அதில் வராது. புதிதாக ஒரு டிரைவரை எடுத்தால் வாடகைப்படி, வைப்பு நிதி, விடுப்புச் சம்பளம், பணிக்கொடை என்று அவர் ஓய்வு பெறும் வரை கொடுத்தாக வேண்டும். அதனால் காலியிடம் நிரப்ப அனுமதி வராது, ஓ.டி.க்கு மட்டும் எப்படியாவது வந்துவிடும். செலவு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்களுக்கும் இது தெரியும். எனக்குத்தான் புரிய நாளானது.

ஒரு சமயம் புதிதாக வந்த கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "ஆள் எடுக்கறது நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கறது எதுன்னு மட்டும் பிரிச்சுக் கொடுங்க" என்றார். ஆறு மாத ட்ரிப் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டு சாயங்காலங்களில் உட்கார்ந்தேன். திருவிழாச் சிறப்பு வண்டிகள்தான் பெரிய செலவு என்று நினைத்திருந்தேன். அது இல்லை. ஒரே தடத்தில், அதே மாலை நடையில், தினமும் அரை மணி, முக்கால் மணி என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்திருந்தது.

அந்தத் தடத்து டிரைவரிடம் கேட்டேன். "மார்க்கெட் முக்குல நிக்கிற நேரம் உங்க சார்ட்ல எங்க சார் இருக்கு?" என்றார். சரி என்று ஒரு வாரம் அந்த வண்டியிலேயே போய் வந்தேன். ஓட்ட நேரம் நிர்ணயித்த காலத்தில் அந்தச் சாலையில் ஒரு சிக்னல்கூட இல்லை, இப்போது நாலு. மார்க்கெட்டும் சாலையோரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். மாலை நடைக்கு நேரம் கூட்டி, ஆளே ஏறாத ஒரு மதிய நடையை எடுத்தோம். அந்தத் தடத்து ஓ.டி. நின்றது.

நின்ற மாதத்தில் கண்டக்டர் ஒருவர் வந்து, "அந்தக் காசை வச்சுத்தான் சார் சீட்டுக் கட்டிட்டு இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடச் சம்பளத்தில் ஒரு குடும்பம் ஓ.டி.யை நம்பி இருக்க வேண்டியிருந்தால் அது அவருடைய தவறு இல்லை.

அடுத்தது டபுள் டூட்டி. முகூர்த்த நாளில் லீவு கேட்டால் கிடைக்காது என்று யாரும் எழுதியே கொடுப்பதில்லை, சொல்லாமல் நின்றுவிடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி நிற்கும், ஆள் இருக்காது. இரவு நடை முடித்து வந்தவரையே "இன்னொரு நடை போயிட்டு வாங்கண்ணே" என்று கெஞ்ச வேண்டும். தினசரி காலண்டரைப் பார்த்து முகூர்த்த நாட்களைக் குறித்து, பத்து நாள் முன்னால் கேட்பவர்களுக்கு முடிந்தவரை லீவு கொடுக்கத் தொடங்கினோம். சொல்லாமல் நிற்பது கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். அப்படி நான் கெஞ்சி அனுப்பிய ஒருவரின் வண்டி, விடியும் நேரத்தில் புறவழிச்சாலை நடுத்திட்டில் ஏறி நின்றது. கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. கவனக்குறைவு என்று விளக்கம் கேட்டு மெமோ அவருக்குத்தான் வந்தது. அந்த நடைக்கு டூட்டி போட்ட கையெழுத்து என்னுடையது. விசாரணையில் பதிவேட்டை எடுத்து வைத்து, அவர் 17 மணி நேரமாக வண்டியில் இருந்தார், அனுப்பியது நான் என்று சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு பத்தி கூடுதலாக வரைந்தேன்: கடைசியாக வண்டி விட்ட நேரம். அதைப் பார்க்காமல் டபுள் டூட்டிக்குக் கையெழுத்து இல்லை என்று மேலாளரும் ஒப்புக்கொண்டார். மாறுதலாகிப் போன அன்று, என் இடத்துக்கு வந்தவரிடம் முதலில் அந்தப் பத்தியைத்தான் காட்டினேன்.