எடைப் பத்தியில் ஒரு கோடு

நகைச் சரிபார்ப்பில் கடைசியாக மிஞ்சியது அம்மன் கழுத்துத் திருமாங்கல்யம். "இறக்கிக் கொடுங்க குருக்களே, ரெண்டு நிமிஷ வேலை" என்றதற்கு, "கட்டின தாலியைக் கழட்டச் சொல்றேளே சார்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எடைப் பத்தியில் கோடு போட்டு, 'சாத்துப்படியில் உள்ளது, கண்ணால் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சமயக் காரியம் வேறு, சொத்து நிர்வாகம் வேறு என்று 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்தது. அறநிலையத் துறையின் 1959 சட்டமும் அந்தப் பிரிவினையை வைத்துத்தான் ஓடுகிறது. படிக்கச் சுலபம். தாலியில் எங்கே பிரிப்பது? பதிவேட்டில் அது ஒரு வரிசை எண். சன்னதியில் அவள் தாலி.

மற்ற நகைகளுக்கு மின்விசிறியை நிறுத்தி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எடைக்கல் வைத்துச் சோதித்த பிறகே முதல் உருப்படி தட்டில் ஏறியது. மொத்த எடை தனி. கல், அரக்கு, நூல் கழித்த நிகர எடை தனி. அரக்குதான் தொல்லை. உடைக்காமல் உள்ளே எவ்வளவு என்று தெரியாது; மதிப்பீட்டாளர் கணக்குதான். தாலிக்கோ கயிறு வேறு. சந்தனமும் எண்ணெயும் ஊறிக் கயிறு கனக்கும், தங்கம் தேய்ந்து குறையும். பழைய பதிவேட்டின் சவரனை 7.988 கிராமுக்குப் பதில் எட்டு என்று மாற்றியிருந்தால் 100 சவரனில் 1.2 கிராம் காணாமல் போகும், யாரும் திருடாமலே. அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை போவது குருக்களுக்குத்தான். கோடு போட்டது நல்லதுதான் என்று தோன்றும்.

ஆனால் முலாம் பூசியது தொங்கினாலும் வாசற்படியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுதான். எடை போடாத நகைதான் மாற்ற வசதியான நகை.

வீடுகளில் தாலிக்கயிறு மாற்றும்போது புதுக்கயிற்றைக் கட்டிவிட்டுத்தானே பழையதைக் கழற்றுவார்கள்? மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு ஒன்று போதுமே! இது தோன்றியது பெட்டகத்தைப் பூட்டி முத்திரை வைத்த பிறகு. முன்பே தோன்றியிருந்தாலும், அதைச் சொல்வது நிர்வாகமா, சடங்கில் கைவைப்பதா? குருக்களே சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாததா அது? ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போனால் அதுவே சந்தேகமாகிவிடும்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கொடுங்கோ சார். கையெழுத்தோட, முத்திரையோட."