"நாலு டன் இழுக்கும் சார்"

டிரெய்லர் இழுக்க ஒரு பழைய பிக்கப் வேண்டும் என்று இரண்டு மாதம் அலைந்தேன். விற்க வந்த எல்லோரும் எடுத்தவுடன் சொன்னது இதைத்தான், நாலு டன் இழுக்கும் சார். முதல் வண்டிக்கு அதை நம்பி முன்பணம் கொடுக்க இருந்தேன், நல்ல வேளை, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தபோது ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஆட்களும் சாமான்களும் சேர்த்து 560 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதாம்.

இழுக்கும் எடை வேறு, சுமக்கும் எடை வேறு. டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மேல், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி மேல், உட்காரும்போது அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் முதுகில் இறங்கும். அதைக் குறைக்கலாம் என்று சரக்கைப் பின்னால் தள்ளி வைத்தால் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும், அதனால் அதில் கைவைக்கவே முடியாது. என் டிரெய்லர் சரக்கோடு 2,500 கிலோ. 12 சதவீதம் என்றால் 300. வீட்டில் நாலு பேரும் ஏறினால் இன்னொரு 280. தாண்டியாச்சு! இன்னும் ஒரு பெட்டிகூட ஏற்றவில்லை. முந்தைய ஓனர் ஆசையாக மாட்டிய இரும்பு பம்பரும் இந்தக் கணக்கில்தான் கழியும்.

அப்புறம் கியர்பாக்ஸ். மேடு ஏற ஏற அதன் ஆயில் கொதிக்கும், பாரம் இழுத்த ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இருந்தால் உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் சரி. நான் பார்த்த ஒன்றில் ஆயில் கருத்துப்போய், அடிப்பிடித்த மாதிரி வாடை அடித்தது. விற்றவர் "அது அப்படித்தான் இருக்கும்" என்றார், நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புது மாடல்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது, அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

கீழே படுத்து சேஸிஸையும், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும், பாருங்கள். 2000-களில் வந்த டொயோட்டா டன்ட்ரா, டகோமா வண்டிகளில் சேஸிஸ் துருப்பிடித்து கம்பெனியே திரும்ப அழைத்த கதை உண்டு. அடியில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். என்ஜினிலும் வருடம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்: ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு என்ஜினில், 2000-களின் நடுவில் வந்தவற்றில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது அது உள்ளேயே முறிந்துகொள்வது பேர்போன தலைவலி. ஆக்சில் ரேஷியோவையும் (அச்சில் இருக்கும் பல்சக்கரங்களின் விகிதம்) கேளுங்கள், 3.55-க்கும் 4.10-க்கும் அதே என்ஜின் இழுக்கும் எடையே மாறிவிடும், விற்பவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

ஹிட்ச்சே இல்லாத வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம், எதையும் இழுத்திருக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாதி சரி. ஆனால் கம்பெனியிலேயே டோயிங் பேக்கேஜோடு, அதாவது டிரெய்லர் இழுப்பதற்கான சாமான்களோடு, வந்தால்தான் பல மாடல்களில் கியர் ஆயிலுக்குத் தனி கூலர், டிரெய்லர் விளக்கு, பிரேக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஏழு முனை சாக்கெட், வயரிங் எல்லாம் இருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக நாம்தான் மாட்ட வேண்டும். அதனால் ஓடோமீட்டரைவிட இதையெல்லாம்தான் நான் பார்த்தேன்.

கடைசியில் ஒரு படி பெரிய வண்டியாக வாங்கினேன், ஸ்டிக்கரில் 1,100 கிலோ. காலியாக ஓட்டினால் குதிரைமாதிரி குதிக்கிறது, பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் திட்டுகிறார்கள். டிரெய்லர் பிரேக்குக்கு கன்ட்ரோலர் மட்டும் இன்னும் வரவில்லை, அதை மாட்டும்வரை டிரெய்லரை நின்ற இடத்திலிருந்து நகர்த்தப் போவதில்லை.