ஆடி ஆறாம் தேதி

என் அளவு நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. ஈரோட்டில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துகிறேன். ஊரார் அளவுகளுக்கு நடுவே என்னுடையதும் கிடக்கிறது. 2022 ஜனவரியில் என் இடுப்பு 50 அங்குலம். இப்போது அதே இடத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கிறேன். வயிற்று மடிப்பைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு டேப்பைச் சுற்றினால் 35. தொங்கவிட்டு அதன்மேல் சுற்றினால் 41. எந்த அளவுக்குப் பாவாடை தைப்பது? நாடாவை மடிப்புக்கு மேலே கட்டினால் புடவை வழிகிறது. கீழே கட்டினால் அறுக்கிறது.

112 கிலோ இருந்தேன். உயரம் 158 சென்டிமீட்டர். சர்க்கரை, முழங்கால் வலி, படியேறினால் மூச்சு. கோவையில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் குழாய்போல் ஆக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டேன். எடை மளமளவென்று இறங்கியது, சர்க்கரை மாத்திரையும் குறைந்தது. கடைக்கு வருகிறவர்கள் "என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள், உடம்புக்கு ஏதாவதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுகிறேன்.

கொழுப்பு கரைந்ததே தவிர, அதைச் சுமந்த தோல் அப்படியேதான் இருந்தது. சிறு வயதில் தாத்தாவின் தோட்டத்தில், கிணற்றுமேட்டோரம் கிடந்த, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் பழைய கவலையின் தொய்ந்த தோலைப் பார்த்திருக்கிறேன். குளியலறையில் குனியும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணன் மகளுக்கு 2023 பிப்ரவரியில் கல்யாணம். அதற்குள் தொங்கும் தோலை வெட்டி எடுத்து வயிற்றைச் சரி செய்துவிட வேண்டும் என்று டிசம்பரில் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் போனேன். முதல் அறுவை சிகிச்சை முடிந்து அப்போது பதினொரு மாதம். எடை 79. மருத்துவர் மடிப்பைப் பார்ப்பதற்கு முன்பே, போன மாதம் எவ்வளவு, அதற்கு முந்தைய மாதம் எவ்வளவு என்று கேட்டார். மாதம் இரண்டு கிலோ இறங்கிக்கொண்டிருக்கிறது என்றேன், பெருமையாக.

"அப்படியென்றால் இப்போது கிடையாது அம்மா" என்றார். முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை ஆண்டாவது போக வேண்டும். எடை ஓரிடத்தில் நின்று, மூன்று முதல் ஆறு மாதம் அங்கேயே இருக்க வேண்டும். இப்போதே தோலை வெட்டி இழுத்துத் தைத்துவிட்டால், மேலும் பத்து கிலோ குறையும்போது மறுபடி தொய்யும். பிறகு எடை ஏறினாலோ தழும்பு இழுபட்டு அகலமாகும்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாமே குறைவு. இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போடும் வெட்டு ஆறுவதற்கு உடம்பில் சரக்கு வேண்டுமே! சின்ன இரைப்பையை வைத்துக்கொண்டு நான் இரண்டு இட்லியும் காபியுமாக நாளைக் கழித்துக்கொண்டிருந்தேன். காபி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு இன்னோர் இடத்துக்குப் போனேன். ஏசி வரவேற்பறை, சுவரில் முன்னும் பின்னுமான படங்கள். அங்கே எடையைக் கேட்கவில்லை, கல்யாணத் தேதியைக் கேட்டார்கள். வயிறும் இரண்டு கைகளும் சேர்த்து ஒரே தொகை, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. கைப்பையில் ஏடிஎம் கார்டு இருந்தது. கட்டியிருப்பேன்.

அன்று மாலை கடையில் லைனிங் துணியை வாளியில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்துச் சுருக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். அவசரத்துக்கு நனைக்காமல் தைத்துக் கொடுத்தால், முதல் சலவையில் உள்துணி மட்டும் சுருங்கி, ரவிக்கை முழுக்கச் சுருக்கம் விழும். பட்டுச் சேலைக்காரர்கள் எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் "நாளைக்குத்தான்" என்று திருப்பி அனுப்புகிறவள் நான். இன்னும் சுருங்கி முடிக்காத என் உடம்பை வெட்டக் கொடுக்கக் கிளம்பியிருந்தேன். கை ஈரத்தோடு சிறிது நேரம் நின்றேன். முன்பணம் கட்டவில்லை.

கல்யாணத்துக்கு மடிப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் வந்தேன். படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

அந்த ஆண்டுக் கத்திரி வெயிலைத்தான் மறக்க முடியாது. ஈரோட்டு வெயிலில் மோட்டார் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மடிப்புக்குள் வியர்வை தேங்கும். முதலில் சிவந்தது, பிறகு அரித்தது, பிறகு தோல் உரிந்து நீர் கசிந்தது. பூஞ்சைத் தொற்று என்றார் தோல் மருத்துவர். பவுடர் போட்டால் வியர்வையில் குழைந்து சேறாகும். வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்தில் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு நான்கு பட்டை. துவைத்துக் கொடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டில் "யாருக்குக் கட்டு?" என்று கேட்டார்கள்.

அந்த மருந்துச்சீட்டுகளை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு உண்டு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான கேடு இருக்கிறது, சிகிச்சை அவசியம் என்று மருத்துவர் சான்று கொடுத்தாலும் இடமுண்டு. இரண்டு கோடைக்குமான சீட்டுகளோடு விண்ணப்பித்திருக்கிறேன். வந்தால் சரி, வராவிட்டால் ஜூனில் எடுத்த ஏலச்சீட்டுப் பணம் இருக்கிறது. "இது அழகுக்கா, நோய்க்கா?" என்று என் நாத்தனார் கேட்டாள். இரண்டுக்கும்தான். புண்ணும் வேண்டாம், அந்தத் தோலும் வேண்டாம். அதில் என்ன வெட்கம்?

எடை 2023 செப்டம்பரில் 68இல் நின்றது. தீபாவளிப் பலகாரத்தில் ஒன்றரை கிலோ ஏறி, கார்த்திகையில் இறங்கியது. அதற்குப் பிறகு 67க்கும் 69க்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிக்கொண்டேன். காலையில் முளைகட்டிய பயறு, இரண்டு முட்டை, மாலையில் பன்னீர், இட்லி ஒன்றுதான். ஹீமோகுளோபின் 12.1.

உடம்பு தயாரான பிறகும் நாள் குறிப்பது எளிதாக இல்லை. அறுவை முடிந்த முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனாலும் காலில் ரத்தம் உறையாமலிருக்க மறுநாளே நடந்தாக வேண்டும். வயிற்றில் கசிவு வடியச் சில நாட்கள் குழாய். இறுக்கும் உள்ளாடை பல வாரம். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. வெட்டும் மேசைமீது குனிந்து நிற்கும் வேலைதான் எனக்கு. தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தம் எதிலும் கடையை விட முடியாது. சித்திரை, வைகாசியில் அந்த உள்ளாடையைப் போட்டால் வெந்துபோவேன். கல்யாணமில்லாத ஆடிதான் எனக்குத் தோது.

மருத்துவமனையில் என்னோடு காத்திருந்த கரூர்ப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. நாற்பது கிலோ குறைத்திருந்தாள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கர்ப்பத்தில் எல்லாம் மறுபடி விரியும். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேட்டிப் பட்டை தைக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

கைகளையும் சேர்த்துச் செய்துகொள்ள ஆசைதான். ஊருக்கே ரவிக்கை தைக்கிறவள், தனக்கு முழங்கை வரை கை வைத்துத் தைத்துக்கொள்கிறேன். ஆனால் வயிறு முதலில், கைகள் பிறகு என்று முடிவாகிவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் செய்துகொண்டால் படுக்கையிலிருந்து கையூன்றி எழக்கூட முடியாதே.

அறுவைக்கு நாள் குறித்தாயிற்று: 2024 ஜூலை 22, திங்கள்கிழமை. ஆடி 6. கடை வாசலில் புது ஆர்டர் எடுக்கவில்லை என்று எழுதி மாட்டிவிட்டேன். ஆவணி முதல் முகூர்த்தத்து ரவிக்கைகளை இப்போதே வெட்டி வைக்கிறேன். உதவிக்கு இருக்கும் பெண் தைத்துவிடுவாள்.

அம்மாவிடம் தேதியைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஆடியில் போய் யாராவது உடம்பில் கத்தி வைப்பார்களா கண்ணு?" இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போனில் அழைத்து, ஆடிப் பெருக்குக்குப் பவானி கூடுதுறைக்கு என்னால் வர முடியாதே என்று கேட்டாள். அறுவை முடிந்து அது பன்னிரண்டாம் நாள், முடியாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருகிறேன். தலையில் மட்டும் தெளித்துக்கொள், புண்ணில் பட்டுவிடப் போகிறது" என்றாள்.