ஒரே பெட்டிக்குள் ப்ரோபும் டிரான்ஸ்மிட்டரும்

சின்ன செயற்கைக்கோள் ஒன்றில் தகவல் தொடர்புப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம். அதற்குள் இரண்டு பேலோட், அதாவது ஆய்வுக் கருவிகள். ஒன்று அயனமண்டலத்தின், அதாவது உயரே வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கின், பிளாஸ்மாவை (மின்னேற்றத் துகள் கூட்டத்தை) அளக்கும் உணர்கருவியான ப்ரோப். மற்றது எங்களுடையது: வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். என்ற இரண்டு ரேடியோ அலைவரிசைகளிலும் சிக்னல் அனுப்பி, தரைக்கு வருவதற்குள் அது என்ன பாடுபடுகிறது என்று பார்க்கும் டிரான்ஸ்மிட்டர். திட்ட அறிக்கையில் படிக்கும்போது அருமையான ஜோடிதான். இரண்டுக்கும் ஒன்றாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தபோதுதான் சங்கடம் தெரிந்தது.

ப்ரோப் அளப்பது நானோ ஆம்பியர் கணக்கில் வரும் மின்னோட்டம். அதற்கு ஒரு சாண் தள்ளி எங்கள் டிரான்ஸ்மிட்டர் வாட் கணக்கில் சக்தியைக் கொட்டுகிறது. திரையில் வழுவழுவென்று ஏறிய கோடு, நாங்கள் ஆன் செய்ததும் பொசுக்கென்று மேலே குதித்து முள்முள்ளாக நின்றது. ஆஃப் செய்தால் பழையபடி வழுவழு. ப்ரோபுக்குப் பொறுப்பாயிருந்த மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க பேசுற வரைக்கும் என்னால எதையும் கேட்க முடியலையே" என்றார்.

சரி, ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொள்ளலாம் என்றால், இருவருக்கும் வேண்டியது ஒரே நேரம். பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நிலநடுக்கோட்டுக்கு மேல், பொழுது சாய்ந்த பிறகு. வெயில் போனதும் அயனமண்டலத்தின் கீழ்ப்பகுதி சீக்கிரம் கரைந்துவிடும். அடர்த்தியான மேல் அடுக்கு இன்னும் மேலே தூக்கப்பட்டு, நிலைகுலைந்து நிற்கும். அப்போது அடியிலிருந்து அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் எழும்பும். ஊடே வரும் ரேடியோ அலை மினுங்கும், மங்கும், சில நொடி காணாமலே போகும். நம் பக்கம் மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் இது அதிகம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும், 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டுக்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் காந்தக் கோடு அருகே ஓடுவதால்தான்.

இந்த இரட்டை வேலை புதிதும் அல்ல. 1975-76இல் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுவந்த ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளில் 40, 140, 360 மெகாஹெர்ட்ஸில் விடாமல் ரேடியோ சிக்னல் அனுப்பும் பீக்கனும் இருந்தது. ஊட்டியில் அதைப் பிடித்து அயனமண்டலத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். டிவி வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஊட்டியில் ஆன்டெனா வைத்து உட்கார்ந்திருந்தவர்களை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் சிக்கலைத் தீர்த்தது ஓர் எளிய கணக்கு. செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் போகிறது. குமிழியின் அகலமோ பத்து, நூறு கிலோமீட்டர் கணக்கில். ஆக அரை நொடி ப்ரோப், அரை நொடி டிரான்ஸ்மிட்டர் என்று மாற்றிக்கொண்டே போனால் ப்ரோபுக்குக் குமிழி தப்பாது. எங்களுக்கும் நஷ்டமில்லை. சிக்னலை ஆட்டிவைப்பது ஒரு கிலோமீட்டர் அளவிலான சின்னச் சின்னக் கலங்கல்கள். அரை நொடிக்குள்ளேயே சிக்னல் சில தடவை ஏறி இறங்கிவிடும். பவர் சப்ளை பார்த்தவர்களுக்குத்தான் தலைவலி. ஒவ்வொரு அரை நொடிக்கும் சுமை மாறினால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

2022 பிப்ரவரி 14 அன்று பி.எஸ்.எல்.வி.-சி52இல் போன இன்ஸ்பயர்சாட்-1 என்ற சின்ன செயற்கைக்கோள் எங்களுக்குப் பெரிய தெம்பு. 8.1 கிலோ எடையில் அயனமண்டல ப்ரோபும் சூரியனைப் பார்க்கும் எக்ஸ்-கதிர் கருவியும். திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி., கொலராடோ, சிங்கப்பூர், தைவான் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்தது. அதற்குச் சில நாள் முன்புதான், 3ஆம் தேதி ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை சூரியனால் எழுந்த புவிகாந்தப் புயலால் வீழ்ந்தன. விண்வெளி வானிலைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டவர்களுக்கு அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது.

நான் விடாப்பிடியாக நின்றது தரைநிலையத்து விஷயத்தில். வழக்கமாக சிக்னலைத் தகவலாக மாற்றும் டீகோடர், உடைந்த பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை)த் தூக்கிப் போட்டுவிடும். பாஸ், அதாவது கோள் நம் வானத்தைக் கடந்து போகும் ஒரு தடவை, சரியில்லை என்று ஒரு வரி எழுதி முடிப்பார்கள். மற்ற கோள்களுக்கு அது சரி. இங்கே பாக்கெட் உடைந்த அந்த நொடிதான் எங்கள் சரக்கு. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் எட்டு நிமிடம் கிடைத்தால் முழுசாக வந்தாலும் அரை எம்.பி.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் சிக்னலின் ஏற்ற இறக்கம் அந்த அரை எம்.பி.யில் ஒரு பிட்டைக்கூடக் கேட்பதில்லை. தரையில் அப்படியே பதிந்து வைத்தால் போதும். டிஸ்க் நிறைகிறது என்றார்கள். இன்னொரு டிஸ்க் வாங்கித் தரச் சொன்னேன்.

ப்ரோப் காட்டும் அடர்த்திச் சரிவும் தரையில் பதிந்த ஆட்டமும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். தொடுவானத்தில் கோள் இருக்கும்போது அலை சாய்வாக வேறெங்கோ அயனமண்டலத்தைத் துளைத்து வரும். ப்ரோப் இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் தலைக்கு நேர்மேலே போகும் பாஸ்களை மட்டும் முதலில் ஒப்பிடுவது என்று மேடமும் நானும் பேசி வைத்துக்கொண்டோம்.